மூன்றாவது இயந்திரம் வேண்டாம்: எங்கள் நூலக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நூலக அறக்கட்டளையின் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன வாரம் அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டிய தாளைப் படித்தேன். வாசிப்புக் கூடத்தில் புழுக்கமாக இருக்கிறது என்று வாசகர்கள் தொடர்ந்து சொல்வதால் இன்னொரு 11 டன் ஏசி பொருத்தப் போவதாகவும், அதற்கு நன்கொடை தேவை என்றும் அதில் இருந்தது. இரண்டு முறை படித்தேன். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

இந்த முடிவு தவறு. கூடம் புழுங்குவதற்குக் காரணம், இருக்கிற ஏசி தேவைக்கு மேல் பெரிதாக இருப்பதுதான். இப்போது ஓடுகிற இரண்டு 11 டன் இயந்திரங்கள், அதாவது 22 டன்னே, இந்தக் கூடத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு இன்னொரு 11 டன் சேர்ந்தால் புழுக்கம் கூடும். புத்தகங்களும் போய்விடும்.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்பீர்கள். கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் பிளான்ட் ஒன்றில் பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவன். அம்மோனியா வாடையில் ஒன்பது வருடம். அப்புறம் ஓய்வு பெறும்வரை ஏசி வேலை. வங்கிக் கிளை, துணிக்கடை, கல்யாண மண்டபம், ஆபரேஷன் தியேட்டர் என்று இந்த மாவட்டத்தில் எத்தனையோ கட்டடங்களின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஊர்ந்திருக்கிறேன். இந்த நூலகத்தில் நாற்பது வருட உறுப்பினர். குளிர்பதனம் பற்றி நான் படித்த முதல் புத்தகமே உங்கள் அலமாரியிலிருந்து எடுத்ததுதான்.

ஒரு டன் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் இந்தச் சொல்லை எல்லோரும் சொல்கிறார்கள், அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அது ஐஸ் கணக்கு. அமெரிக்கக் கணக்கில் ஒரு டன் என்பது 907 கிலோ. அவ்வளவு ஐஸ் ஒரு நாள் முழுக்கக் கரையும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அவ்வளவு வெப்பத்தை இழுக்கிற திறன்தான் ஒரு டன் ஏசி. நாங்கள் படகுகளுக்குப் போட்ட 50 கிலோ ஐஸ் பாரில் பதினெட்டு பார். அப்படியானால் 22 டன் என்பது ஒரு நாளைக்கு ஏறக்குறைய நானூறு பார் ஐஸ். அவ்வளவு ஐஸை 1,800 சதுர அடி வாசிப்புக் கூடத்தில் இறக்கி வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கடலுக்குக் கிளம்புகிற படகுக்கே அவ்வளவு ஏற்றியதில்லை.

இந்த 22 எப்படி வந்தது என்று விசாரித்தேன். ஒப்பந்தக்காரர் நூறு சதுர அடிக்கு ஒரு டன் என்று போட்டிருக்கிறார். 1,800 சதுர அடிக்கு 18 வந்தது. "எதுக்கும் இருக்கட்டும்" என்று இரண்டு 11 டன்னாக ஏற்றிவிட்டார். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, மேலே மாடி இருக்கிறதா, எத்தனை பேர் உட்காருவார்கள் என்று எதையும் கணக்கில் எடுக்கவில்லை. நம் கூடத்துக்கு மேலே மாடி இருப்பதால் மொட்டை மாடிச் சூடு கூடத்துக்குள் இறங்குவதில்லை. கிழக்கிலும் வடக்கிலும் வராந்தா. சுவர் ஒன்றரை அடி கனம், சுண்ணாம்புப் பூச்சு. விளக்கெல்லாம் எல்இடி. நெருக்கமான நாளில்கூட நாற்பது பேருக்கு மேல் வருவதில்லை. மின்விசிறியும் ஜன்னலுமாக எழுபது வருடத்துக்கு மேல் ஓடிய கூடம் இது.

என் கணக்கை நம்ப வேண்டாம். இயந்திரமே சொல்லும் கணக்கு ஒன்று இருக்கிறது. கையில் ஒரு கடிகாரம் இருந்தால் யார் வேண்டுமானாலும் போடலாம். கத்திரி வெயிலில் ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, கூடம் நிறைந்திருந்தபோது, பின்பக்கம் வெளி யூனிட்களுக்கு அருகில் உட்கார்ந்து குறித்தேன். குளிர்ச்சியை உண்டாக்குகிற கம்ப்ரசர்கள் இரண்டும் ஐந்து நிமிடம் ஓடின, எட்டு நிமிடம் நின்றன. ஒரு மணி நேரம் பார்த்தேன், ஏறக்குறைய அதே கதைதான். பதின்மூன்று நிமிடத்தில் ஐந்து நிமிடம் ஓட்டம் என்றால், 22 டன்னில் எட்டரை டன்னுக்குத்தான் வேலை. வருடத்திலேயே கடுமையான வெயில் நாளில் இவ்வளவுதான். செப்டம்பரில் மழை மூட்டமான ஒரு காலையில் பார்த்தபோது மூன்றரை நிமிடம் ஓடி பத்து நிமிடம் நின்றன. அதாவது கால் பங்கு, ஐந்தரை டன்னைச் சுற்றி. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் முதல் ஓரிரு நிமிடம் முழுக் குளிர்ச்சி வராது என்பதையும் சேர்த்தால் உண்மைத் தேவை அதைவிடக் குறைவு.

பெரிய இயந்திரம் இருந்தால் சீக்கிரம் குளிரும், அது நல்லதுதானே என்று செயலாளர் என்னிடம் ஒருமுறை கேட்டார். அன்று நின்ற நிலையில் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஏசி இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, காற்றைக் குளிர வைப்பது. மற்றது, காற்றில் இருக்கிற ஈரத்தைக் காயிலில், அதாவது உள்ளே இருக்கிற குளிர்ந்த குழாய்ச் சுருளில், தண்ணீராகப் படிய வைத்து வடிகுழாய் வழியாக வெளியே அனுப்புவது. கடலூர் மாதிரி ஊரில் இரண்டாவது வேலைதான் முக்கியம். நம் ஊர்க் காற்றில் வெயிலைவிட ஈரம் கொடுமை. ஆனால் இந்த இரண்டாவது வேலைக்கு நேரம் பிடிக்கும். கம்ப்ரசர் கிளம்பி, காயில் நன்றாகக் குளிர்ந்து, அதன் மேல் ஈரம் முத்து முத்தாகப் படிந்து, வழிந்து, தட்டில் நிரம்பி, அப்புறம்தான் குழாயில் சொட்டும். நம் இயந்திரம் அதற்குள் நின்றுவிடுகிறது. காற்று சட்டென்று குளிர்ந்ததும், சூட்டை அளக்கிற தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்திவிடுகிறது. ஆனால் காற்றை ஊதுகிற ப்ளோயர் நிற்பதில்லை. காயில் மேல் ஈரம் அப்படியே இருக்கிறது, அதன் வழியாகக் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஈரத்துணியை மின்விசிறிக்குக் கீழே விரித்த மாதிரி, எடுத்த தண்ணீரில் பெரும்பகுதியை அது திரும்பக் கூடத்துக்குள்ளேயே விடுகிறது. காற்று குளிர்ந்திருக்கும், ஆனால் ஈரமாக இருக்கும். உடம்பு சில்லிடும், சட்டை ஒட்டும். அதைத்தான் வாசகர்கள் புழுக்கம் என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. அதைக் கேட்டு நீங்கள் எடுத்த முடிவுதான் தலைகீழ்.

இதோடு தெர்மோஸ்டாட்டைக் குளிர்காற்று வருகிற கிரில்லுக்கு நேர் கீழே, தூணில் பொருத்தியிருக்கிறார்கள். குளிர்காற்று முதலில் அதன் முகத்தில்தான் அடிக்கிறது. கூடம் குளிர்ந்துவிட்டது என்று அது நினைத்துக்கொள்கிறது.

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வடிகுழாய் இரண்டுக்கும் கீழே வாளி வைத்தேன். இரண்டு இயந்திரமும் வழக்கம் போல ஓட, இரண்டு மணி நேரத்தில் இரண்டு வாளியிலும் சேர்த்து நாலரை லிட்டர். கூடத்து நடுமேசையில் என் ஈரப்பதமானி 23 டிகிரி, 74 சதவீதம் காட்டியது. பிறகு ஒன்றை நிறுத்திவிட்டு, இன்னொன்றின் ப்ளோயரைக் கம்ப்ரசரோடு சேர்ந்தே நிற்கும்படி மாற்றினேன். அடுத்த இரண்டு மணி நேரத்தில் ஒரே வாளியில் பதின்மூன்று லிட்டர். மேசையில் 25 டிகிரி, 59 சதவீதம். பாதி இயந்திரம், மூன்று மடங்குத் தண்ணீர். கூடத்தில் இருந்த ஒருவருக்கும் நான் எதையும் மாற்றியது தெரியாது. மாலையில் ஒரு பெண் வந்து, "இன்னைக்கு ஏசி நல்லா வேலை செய்யுது ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பேனல் அறையைத் திறந்துவிட்டதற்காகக் காவலாளியை யாரும் கேள்வி கேட்க வேண்டாம். கேட்டது நான், பொறுப்பும் என்னுடையது.

புத்தகங்களுக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

பழைய நூல் பகுதிக்குப் போய், மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரியில் கீழ் இரண்டு தட்டுப் புத்தகங்களை வெளியே எடுத்துப் பாருங்கள். முதுகுப் பக்கம் சாம்பல் பூசினாற்போல் வெள்ளையாகப் பூசணம். சிலவற்றில் பச்சை. 1950களில் அச்சான பதிப்புகளில் பசை இளகித் தாள் அலை அலையாக நெளிந்திருக்கிறது. ராமபாணப் பூச்சி ஓடுகிறது. அது ஈரம் இருக்கிற இடத்தைத் தேடித்தான் குடிவரும். போன பிப்ரவரியில் ஏசி போடுவதற்கு முன்னால் அந்தத் தட்டுகளில் இவை எதுவும் இல்லை. புத்தகங்களைத் துடைக்கிற உதவியாளர் அம்மா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார். ஜூன் மாதத்திலிருந்து தும்மல் நிற்கவில்லை என்கிறார்.

காரணம் சொல்கிறேன். புழுங்குகிறது என்று யாரோ தெர்மோஸ்டாட்டை 18 டிகிரியில் வைக்கிறார்கள். சுவர் சில்லிட்டுப் போகிறது. கதவு திறக்கும்போதெல்லாம் வராந்தாவின் ஈரக்காற்று உள்ளே வந்து அந்தச் சில்லிட்ட சுவரிலும் புத்தகத்திலும் படிகிறது. இரவு எட்டு மணிக்கு ஏசியை நிறுத்தியபின் இன்னும் மோசம். குளிர்ந்த புத்தகம், வெளியே கடல் ஈரம், விடியும்வரை பத்துப் பன்னிரண்டு மணி நேரம். ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு வராந்தாவில் நின்று ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். வெளிப்பக்கம் வியர்த்திருக்கும். இன்னும் சில வாரத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அப்போது எப்படியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது இந்தக் கட்டடத்தின் ஓடு பறந்து, இதே பழைய நூல் பகுதி நனைந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஊரில் மின்சாரம் இல்லை. குடிக்கிற தண்ணீருக்கே அலைந்த நாட்கள். ஆனாலும் முப்பது பேர் வந்தோம். வெயிலில் போட்டால் தாள் முறுகிவிடும் என்று தமிழாசிரியர் ஒருவர் சொல்ல, நிழலில், பக்கத்துக்குப் பக்கம் செய்தித்தாள் வைத்து, மணிக்கு ஒருமுறை மாற்றி, வாரக்கணக்கில் காய வைத்தோம். அந்த ஆசிரியர் பனையோலை விசிறியால் ஒரு நிகண்டுக்கு, அதாவது பழைய சொற்பொருள் நூலுக்கு, விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தது என் கண்ணில் இருக்கிறது. அந்த நிகண்டு இன்று மேற்குச் சுவர் அலமாரியில், கீழ்த்தட்டில்தான் இருக்கிறது. அட்டையில் பூசணம். அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று சொல்லத் தெரியவில்லை. புயலிடமிருந்து காப்பாற்றியதை நாமே காசு கொடுத்து அழிக்கிறோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இன்றைய ஏசியின் தொடக்கமே மனிதன் குளிர்ச்சியாக உட்காருவதற்கு இல்லை. 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் கோடைக்கால ஈரத்தால் தாள் உப்பியும் சுருங்கியும் போய், ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் பொருந்தாமல் அச்சு கெட்டது. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் குளிர்க் காயிலை வைத்து ஓர் ஏற்பாட்டை வடிவமைத்தார். தாளை ஈரத்திலிருந்து காப்பாற்றப் பிறந்த இயந்திரம் நம் நூலகத்தில் தாளை ஈரமாக்கிக்கொண்டிருக்கிறது.

வாசகர்களும் குறைந்துவிட்டார்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் கிரில்லுக்குக் கீழே இருக்கிற மேசைகளை விட்டுவிட்டு வராந்தாத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒரு பெண் துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடும். மூட்டுவலிக்காரர்களான என் வயது நண்பர்கள் மூன்று பேர் நாளிதழ் படிக்கவே வருவதில்லை. ஃபால்ஸ் சீலிங் போட்டபோது மின்விசிறிகளைக் கழற்றிவிட்டீர்கள். ஏசி நின்றுவிட்டால், உள்ளே ஒரு பொட்டுக் காற்று கிடையாது.

மின்கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அது உங்களுக்கே தெரியும். கம்ப்ரசர் கிளம்பும் ஒவ்வொரு முறையும் ஓடுவதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். மணிக்கு நாலைந்து முறை இப்படிக் கிளம்பி நின்றால் பத்து வருடம் உழைக்க வேண்டிய கம்ப்ரசர் பாதியில் போய்விடும். வெளி யூனிட்கள் வேறு கிழக்கு பார்த்து, தேவனாம்பட்டினத்து உப்புக்காற்றுக்கு நேராக நிற்கின்றன. அலுமினியத் தகடுகள் இப்போதே ஓரத்தில் பொடிகின்றன.

உங்கள் நல்லெண்ணத்தை நான் சந்தேகப்படவில்லை. வாசகர்களின் வசதிக்காகத்தான் செய்தீர்கள். நன்கொடை கொடுத்தவர்களும் அப்படியே. அதனால்தான் நேரடியாகக் கேட்கிறேன்.

மூன்றாவது இயந்திரம் வாங்கும் தீர்மானத்தைக் கைவிடுங்கள், பலகையில் இருக்கிற தாளை எடுத்துவிடுங்கள். இதுவரை அதற்காக யாராவது பணம் கொடுத்திருந்தால், அதை எதற்குச் செலவிடப் போகிறோம் என்று அவர்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள்.

நாளையிலிருந்தே ஒரு நேரத்தில் ஓர் இயந்திரம் மட்டும் ஓடட்டும். இன்று ஒன்று, நாளை மற்றது. இரண்டும் ஒரே தெர்மோஸ்டாட்டில் இணைந்திருப்பதைப் பிரித்துத் தனித்தனியாக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டைத் தூணிலிருந்து எடுத்து, காற்று நேராகப் படாத உள்சுவரில், உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்தில் வைக்க வேண்டும். கம்ப்ரசர் நின்றால் ப்ளோயரும் நிற்க வேண்டும். ப்ளோயர் வேகத்தையும் குறைக்க வேண்டும். டன்னுக்கு 400 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 400 கன அடி) காற்று என்பது பொது வழக்கம். நம் மாதிரிக் கடற்கரை ஊருக்கு 350 வைத்தால் காயிலில் ஈரம் கூடுதலாக இறங்கும். அதற்கும் கீழே போகக் கூடாது, காயில் உறையத் தொடங்கும்.

18-இல் வைப்பதை நிறுத்துங்கள். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரையோடு விற்கிற அறை ஏசிகள் 24-இல்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசே விதி வைத்திருக்கிறது. நாம் 26-இல் வைத்து, சுவர்களில் எட்டு மின்விசிறிகள் மாட்டினால் எல்லோருக்கும் போதும். ஒரு டிகிரி கூட்டினால் ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது.

பழைய நூல் பகுதியைக் கண்ணாடித் தடுப்பால் பிரித்து, ஏசி கிரில்லை மூடி, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை இரவும் பகலும் ஓட விடுங்கள். மழைக்காலத்தில் 11 டன்னும் நமக்கு அதிகம்தான், அதனால் இது இல்லாமல் முடியாது. மூன்றாவது ஏசிக்கு ஆகிற செலவில் ஒரு சிறு பங்குதான் இதற்கு ஆகும். அலமாரிகளைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள். பூசணம் பிடித்த நூல்களைத் தனியே எடுத்து, உலர்ந்த தூரிகையால் வெளிக்காற்றில் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ஈரத்துணி கூடவே கூடாது. உதவியாளர் அம்மாவுக்கு நல்ல முகக்கவசமும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள். கூடத்தில் இரண்டு இடத்தில் ஈரப்பதமானி வைத்து, காலையும் மாலையும் எழுதி, அந்த ஏட்டை வாசகர்கள் பார்க்கும்படி வையுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

இனி எந்த இயந்திரம் வாங்கினாலும், வெப்பச் சுமைக் கணக்கு எழுத்தில், போட்டவரின் கையெழுத்தோடு, விலைப்புள்ளிக்கு முன்னால் வர வேண்டும். விற்பவர் அல்லாத இன்னொருவர் அதைச் சரிபார்க்க வேண்டும்.

மழை தொடங்குவதற்குள் எழுத்தில் பதில் வேண்டும். செவ்வாய்க்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. அன்று காலை எட்டு மணிக்குப் பேனல் அறைச் சாவியோடு யாராவது ஒருவர் வந்தால் போதும். தெர்மோஸ்டாட் மாற்றுவது, இணைப்பைப் பிரிப்பது, ப்ளோயர் வேகம் குறைப்பது ஆகிய மூன்றையும் மாலைக்குள் நானே முடித்துத் தருகிறேன். கூலி வேண்டாம். உங்கள் ஒப்பந்தக்காரரும் கூட இருந்து பார்க்கட்டும். வாளியையும் ஈரப்பதமானியையும் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
நாற்பது ஆண்டு உறுப்பினர்,
ஓய்வு பெற்ற ஏசி தொழிலாளி,
கடலூர் முதுநகர்